பைலகுப்பே மடாதிபதி பெனோர் ரின்போச்சே: தங்கப் புத்தர் வைத்தவர் மக்களுக்கு என்ன செய்தார்?

கேள்வி (ஒரு வாசகர், நவம்பர் 23)

போன வாரம் குடும்பத்தோடு குடகு போய்விட்டுத் திரும்பும் வழியில் பைலகுப்பே தங்கக் கோயில் பார்த்தோம். அறுபதடி உயரத்துக்குப் பொன்னிறப் புத்தர். அண்ணாந்து பார்த்துக் கழுத்தே வலித்துவிட்டது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திபெத்திலிருந்து அகதிகளாக வந்த ஒரு கூட்டத்தின் மடாதிபதி இவ்வளவு காசைச் சிலையில் கொட்டியதற்குப் பதிலாக ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று கட்டியிருக்கலாமே? பொதுமக்களுக்கு இவர் என்னதான் செய்தார்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பதில் (நவம்பர் 23, இரவு)

ஆஸ்பத்திரி கட்டினார். பள்ளிக்கூடம் கட்டினார். பிக்குகளுக்கு உயர்கல்வி நிலையமும் பிக்குணிகளுக்குத் தனி மடமும் கட்டினார். சுற்றுலா வேனில் போகிறவர்கள் தங்கக் கோயில் வாசலில் இறங்கி, படம் எடுத்து, மோமோ சாப்பிட்டு அப்படியே குஷால்நகருக்குத் திரும்பிவிடுவதால் இதெல்லாம் கண்ணில் படுவதில்லை.

எது முதலில் வந்தது, எது கடைசியில் வந்தது என்று மட்டும் பாருங்கள். மடம் தொடங்கியது 1963. உயர்கல்வி நிலையம் 1978. பிக்குணி மடம் 1993. நீங்கள் பார்த்த தங்கக் கோயிலைத் திறந்தது 1999. முதல் கூரை போட்டதற்கும் தங்கத்துக்கும் நடுவில் 36 வருஷம் இருக்கிறது. அந்த 36 வருஷத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 24

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெனோர் ரின்போச்சே பிறந்தது 1932-ல், கிழக்குத் திபெத்தில் காம் என்ற பகுதியில். பல்யுல் மடத்தின் முந்தைய தலைவர் ஒருவரின் மறுபிறப்பு இவர் என்று சிறு வயதிலேயே அடையாளம் கண்டு மடத்துக்கு அழைத்துப்போய்விட்டார்கள். பல்யுல் சாதாரண மடமில்லை. திபெத்திய பௌத்தத்தின் மிகப் பழைய பிரிவான நிங்மா மரபின் ஆறு பெரிய மடங்களில் ஒன்று. 1665-ல் தொடங்கியது, மதுரையில் திருமலை நாயக்கர் காலமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அந்த மடத்தின் 11-வது பீடாதிபதி இவர்.

1959-ல் திபெத்தில் நிலைமை கைமீறிப் போனபோது 300 பேர் கொண்ட கூட்டத்தோடு இந்திய எல்லையை நோக்கி நடந்தார். இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் பக்கம். மலை, பனி, பசி, துரத்திவரும் சீன ராணுவம். எல்லை தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் சுமார் 30 பேர். பத்தில் ஒருவர். அவருக்கு அப்போது வயது இருபத்தேழு. தன்னை நம்பிக் கிளம்பியவர்களில் ஒன்பது பங்கை வழியில் விட்டுவிட்டு வந்த ஓர் இளைஞன் அதற்கப்புறம் என்ன செய்வான்? என்னைக் கேட்டால், அவருடைய மீதி வாழ்க்கை முழுவதையும் இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் புரியும்.

1961-ல் பைலகுப்பே வந்தார்கள். மைசூர் மாவட்டம், பிரியாபட்டணம் தாலுகா. காவிரியைத் தாண்டினால் குடகு. நீங்கள் பார்த்த ஊரை வைத்து யோசிக்காதீர்கள். அன்றைக்கு அது காடு. 1963-ல் மூங்கிலில் ஒரு கோயில் எழுப்பினார்கள். அதன் பரப்பு 80 சதுர அடி. எட்டுக்குப் பத்து. நம் பக்கம் தோட்டத்து மோட்டார் ரூம் அதைவிடப் பெரிதாக இருக்கும். ஆறு பெரிய மடங்களில் ஒன்றின் பீடாதிபதி உட்கார்ந்த இடம் அது. யானைகள் புகுந்து நாசம் செய்தன. மூங்கில் குடிசைக்கு யானை வந்தால் என்ன மிஞ்சும் என்று சத்தி, தாளவாடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிரந்தரக் கட்டடம் எழுந்தபோது கொத்தனார், சித்தாள் வேலையெல்லாம் அவரும் கூட இருந்த கொஞ்சம் பிக்குகளும்தான் செய்தார்கள். மண் சுமந்தார், செங்கல் சுமந்தார். கை கொப்பளிக்கக் கொப்பளிக்க வேலை செய்தார் என்று அங்குள்ள பெரியவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். பகலில் கல் சுமந்துவிட்டு மாலையில் பாடம் எடுத்தவர். நம் ஊரில் பீடாதிபதி என்றால் பல்லக்கு நினைவுக்கு வரும்; இவர் தலையில் இருந்தது சும்மாடு.

நவம்பர் 24, சாயங்காலம்

மேலே ஒருவர் "எல்லாம் அரசாங்கம் கொடுத்த பணம்தானே" என்று எழுதியிருக்கிறார். நிலம் அரசாங்கம் கொடுத்தது. நேரு மாநிலங்களிடம் கேட்டபோது முன்வந்தது அன்றைய மைசூர் மாநிலம். பைலகுப்பேயில் சுமார் 3000 ஏக்கர் கொடுத்தது. அதற்கு அவர்கள் இன்றும் நன்றி சொல்கிறார்கள். ஆனால் கொடுத்தது காட்டு நிலம். மரம் வெட்டி, வேர் பிடுங்கி, உழுது சோறு கண்டது அந்த மக்கள். குளிர் மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு நம் பக்கத்து வெயில், மலேரியா, காசநோய் எல்லாம் ஒரே நேரத்தில். முதல் வருஷங்களில் நிறைய உயிர் போனது. மடம் கட்டியது தனிக் கதை. அதற்குக் காசு வெகுகாலம் கழித்துத்தான் வெளிநாட்டுச் சீடர்களிடமிருந்து வந்தது. மூங்கில் கோயில் நின்ற காலத்தில் எந்த வெளிநாட்டுச் சீடரும் இல்லை.

நவம்பர் 27

கோபியில் இருந்துகொண்டு இதில் எனக்கென்ன இவ்வளவு அக்கறை என்று ஒருவர் தனியாகக் கேட்டார். சொல்கிறேன்.

தீபாவளி முடிந்தால் கோவை, ஈரோடு, சேலம் ரோட்டோரங்களில் திபெத்துக்காரர்கள் ஸ்வெட்டர் கடை போடுவார்கள் இல்லையா? நாமெல்லாம் அவர்கள் திபெத்திலிருந்தோ இமயமலையிலிருந்தோ நேராக மூட்டையோடு வந்து இறங்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டு முன்னறையில் குளிர்காலத்துக்கு வாடகைக்கு இருந்த அக்காவின் ஊர் உடையார்பாளையம். ஆசனூர் தாண்டி, கேர்மாளம் தாண்டி, மாநில எல்லையைக் கடந்தவுடன் வருமே, அந்த உடையார்பாளையம். சத்தியிலிருந்து மலையேறினால் அரை நாள் கூட ஆகாது. அவர் பிறந்ததே கர்நாடகத்தில். திபெத்தைப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த உடையார்பாளையம் பழைய கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்தது. கொள்ளேகால் 1956 நவம்பர் 1 வரைக்கும் நம் கோயம்புத்தூர் மாவட்டம். மொழிவாரி மாநிலம் பிரித்தபோதுதான் மைசூருக்குப் போனது. அவர்கள் குடியேறியது 1970களில், ஆகவே குடியேற்றம் நம் மாவட்டத்தில் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் என் தாத்தா காலத்தில் அந்த மண்ணுக்குக் கலெக்டர் ஆபீஸ் கோவையில் இருந்தது. யாரோ எங்கேயோ என்று நான் நினைக்காததற்கு அதுவும் காரணம்.

அவர்களுடைய வருஷம் இப்படி. மழைக்கு மக்காச்சோளம் போடுவார்கள். காட்டுப்பன்றியும் யானையும் தின்றது போக மிச்சம் வீட்டுக்கு. அது நாலு மாதத்துக்குக்கூடக் காணாது. அறுவடை முடிந்ததும் லூதியானாவில் கடனுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு தெற்கே வருவார்கள். தை பிறந்து குளிர் விட்டதும் கடனை அடைத்துவிட்டுத் திரும்புவார்கள். ஒரு வருஷம் குளிர் வராமல் போனால் கடன் நிற்கும். எங்கள் அம்மா வாடகையை மார்கழி முடிந்துதான் கேட்பார்.

அந்த அக்காவின் சின்ன மகனைப் பைலகுப்பே நம்ட்ரோலிங்கில் சேர்த்திருந்தார்கள். பெனோர் ரின்போச்சேயின் மடத்துக்குப் பெயர் அதுதான். பையனுக்கு அப்போது எட்டு வயது இருக்கலாம். எங்கள் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஏன் கண்ணு, இத்தனை சின்னப் பையனை எப்படி விட்டுப்போட்டு வந்தே?" என்று கேட்டார். அக்கா நல்லாத் தமிழ் பேசுவார், நம் ஊர்த் தமிழே. "இங்க கூட்டியாந்தா என்கூட ரோட்டுல நிக்கோணும்மா. அங்க சோறு இருக்குது, படிப்பு இருக்குது, எங்க பேச்சு இருக்குது. எங்க ஊரு ஆளுங்க நடுவுல வளருவான்."

பின்னால் ஒரு முறை அவர்களோடு நானும் பைலகுப்பே போனேன். தங்கக் கோயிலை நான் பார்த்தது அங்கே போய் இரண்டாவது நாள்தான். முதல் நாள் பார்த்தது சமையல்கூடம். ஆள் உட்காரும் அளவுக்கு அண்டாக்கள், புகை பிடித்த சுவர், ஓடிக்கொண்டே பரிமாறுகிற பெரிய பையன்கள், வரிசையாக உட்கார்ந்திருக்கிற சின்னப் பையன்கள். பிக்குகளும் பிக்குணிகளும் சேர்த்து அங்கே ஏறத்தாழ ஐயாயிரம் பேர் என்கிறார்கள். அத்தனை பேருக்கும் தினமும் உலை வைக்கிறார்கள். எட்டுக்குப் பத்து மூங்கில் குடிசையில் தொடங்கியவர் இந்தப் பந்தியை விட்டுப் போயிருக்கிறார். கேள்வி கேட்ட நண்பரே, "மக்களுக்கு என்ன செய்தார்" என்பதற்கு என் முதல் பதில் இந்தச் சமையல்கூடம்.

நவம்பர் 28

சின்ன விளக்கம். உடையார்பாளையத்திலும் ஒரு பெரிய மடம் இருக்கிறது, அதைத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். இல்லை. அங்கே இருப்பது சோக்சென் மடம். அதுவும் நிங்மா மரபுதான், அந்த ஆறு பெரிய மடங்களில் ஒன்றின் பெயரில் இங்கே மறுபடி எழுப்பியது. பைலகுப்பேயிலேயே சேரா என்று வேறு மரபைச் சேர்ந்த மிகப் பெரிய மடமும் உண்டு. தங்கக் கோயில் நம்ட்ரோலிங்குக்குச் சொந்தம்.

டிசம்பர் 2

"விவரம் தெரியாத பிள்ளைகளுக்கு மொட்டையடித்துக் காவி கட்டிவிடுவது சேவையா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். கோபத்தோடு கேட்டிருந்தாலும் நியாயமான கேள்வி. பதில் எழுதத் தொடங்கி இரண்டு தடவை அழித்தேன். ஏனென்றால் எனக்கும் இதில் முழுச் சமாதானம் இல்லை.

எட்டு வயதில் ஒரு பிள்ளையின் வாழ்நாளைத் தீர்மானிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பைலகுப்பேயில் அந்தப் பையன் அம்மாவை வழியனுப்ப கேட் வரைக்கும் வந்து நின்றான். அழவில்லை. அழாமல் நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்படிச் சேர்கிற எல்லாப் பிள்ளைகளும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அங்கே வரும் பிள்ளைகள் திபெத்திய அகதிகளின் பிள்ளைகள் மட்டுமில்லை. பூட்டான், நேபாளம், சிக்கிம், அருணாசலம், லடாக் மலைக் கிராமங்களிலிருந்தும் வருகிறார்கள். வீட்டில் நாலைந்து பிள்ளைகள், பள்ளிக்கூடத்துக்கு மலை இறங்கிப் போக வேண்டும் என்கிற குடும்பங்கள். இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் மடத்துக்குள்ளேயே பள்ளிக்கூடம். எழுத்து, கணக்கு, ஆங்கிலம், திபெத்திய மொழி. அதைத் தாண்டி வருகிறவர்களுக்கு 1978-ல் தொடங்கிய உயர்கல்வி நிலையம்; ஒன்பது வருஷப் படிப்பு. தர்க்கம், தத்துவம், இலக்கணம், கவிதை. மனப்பாடம் மட்டும் செய்துவிட்டுப் போக முடியாது. சாயங்காலம் முற்றத்தில் இரண்டு இரண்டு பேராக வாதம் செய்வார்கள். ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்ல, இன்னொருவர் நின்றுகொண்டு கேள்வி கேட்டு, கேள்வி முடியும்போது ஓங்கிக் கைதட்டுவார். பார்க்கச் சண்டை போலவே இருக்கும். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த முற்றத்தை விட்டு நகர மனசு வரவில்லை.

அகதியாக வந்த இடத்தில், மூத்த ஆசிரியர்கள் பாதிப்பேர் சிறையிலும் வழியிலும் போய்விட்ட நிலையில், ஒரு கல்வி மரபு அறுந்துபோகாமல் இருக்க வேண்டுமானால் அடுத்த தலைமுறைக்குப் பாடம் சொல்ல ஆள் தயார் செய்ய வேண்டும். அதை அவர் செய்தார். இன்றைக்கு இமயமலைப் பக்கத்து எத்தனையோ மடங்களில் பாடம் நடத்துகிறவர்கள் பைலகுப்பேயில் படித்தவர்கள்.

பிக்குணிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அங்கே பெண்கள் துறவு மேற்கொள்வது காலங்காலமாக உண்டு. ஆனால் தத்துவப் படிப்பு முழுவதும் ஆண்களுடையதாகவே இருந்தது. 1993-ல் இவர் எழுப்பிய பிக்குணி மடத்தில் அதே உயர்படிப்பைப் பெண்களும் படிக்கிறார்கள். சிலைக்கு ஆறு வருஷம் முந்தியது இது. என் மனசில் தங்கத்தைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

டிசம்பர் 3

அந்தப் பையன் என்ன ஆனான் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். காவியைக் கழற்றிவிட்டான். இருபது வயது வாக்கில். அதற்கப்புறம் ஒரு குளிர்காலத்தில் அம்மாவோடு ஈரோட்டுக்கு ஸ்வெட்டர் விற்க வந்தான். நான் நேராகவே கேட்டேன்: "போனதுக்கு வருத்தமா, வந்ததுக்கு வருத்தமா?" கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "வரும்போது யாரும் தடுக்கலைங்கண்ணா. கென்போ கூப்பிட்டு, படிச்சதை விட்டுராதேன்னு மட்டும் சொன்னாரு" என்றான். கென்போ என்றால் அங்கே மூத்த ஆசிரியர். பையனுக்குத் திபெத்திய மொழி, ஆங்கிலம், இந்தி, கன்னடம், நம் தமிழ் ஐந்தும் வரும். இப்போது பெங்களூரில் ஓர் ஓட்டலில் முன்வரவேற்பில் இருக்கிறான். அம்மாவின் லூதியானாக் கடனை இப்போது அவன் கட்டுகிறான்.

இதை வைத்துப் பிள்ளைகளை மடத்தில் சேர்ப்பது சரி என்று நான் வாதிடவில்லை. நேற்று எழுதிய சங்கடம் அப்படியே இருக்கிறது. கேட்டீர்கள், சொன்னேன்.

டிசம்பர் 5

நேற்று பேரூர் போயிருந்தேன். பட்டீஸ்வரரைப் பார்த்துவிட்டு வரும்போது ஆதீனத்தைக் கடந்ததும் இந்த விவாதம்தான் ஞாபகம் வந்தது. பேரூர் ஆதீனம் 1953-ல் தமிழ்க் கல்லூரி தொடங்கியது. மறைந்த சாந்தலிங்க இராமசாமி அடிகளார் அங்கே இருந்து உருவாக்கிய தமிழாசிரியர்கள் கொங்கு நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் பாடம் எடுத்தார்கள். எனக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழ் எடுத்த ஐயாவும் அங்கே படித்தவர். அடிகளார் மக்களுக்கு என்ன செய்தார் என்று நம் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அந்தக் கல்லூரியில் படித்தவர் ஒருவராவது ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். பெனோர் ரின்போச்சேயின் மாணவர்கள் நம் ஊரில் இல்லை. அதனால் நமக்குச் சிலை மட்டும் தெரிகிறது.

இரண்டு மடங்களும் ஒன்று என்று சொல்லவில்லை. ஒன்று தன் மண்ணிலேயே தன் மொழியை நிமிர்த்தியது, இன்னொன்று மண் போன பிறகு மொழியைத் தூக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது வேலை கடினம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 9

ஹாலிவுட் நடிகர் விவகாரத்தை ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார். போட்டதும் நல்லதுதான்.

தெரியாதவர்களுக்கு: 1997-ல் பெனோர் ரின்போச்சே, அடிதடிப் படங்களில் நடிக்கும் ஸ்டீவன் சீகலை 17-ஆம் நூற்றாண்டு திபெத்தியத் துறவி ஒருவரின் மறுபிறப்பு என்று அங்கீகரித்தார். பெரிய சலசலப்பு. காசு கைமாறியது என்று பேசினார்கள். ரின்போச்சே பதில் அறிக்கை வெளியிட்டார். இதற்காகப் பணம் எதுவும் வாங்கவில்லை என்றார். மறுபிறப்பு என்று அடையாளம் காண்பது அந்த ஆள் ஞானி என்பதற்கான சான்று ஆகாது, முறையாகப் படித்துப் பயிற்சி செய்தால்தான் அந்த வித்து முளைக்கும் என்றும் விளக்கினார்.

அவர் காசுக்காகச் செய்தார் என்று நான் நம்பவில்லை. முப்பது பேரோடு எல்லை தாண்டி, செங்கல் சுமந்து, கடைசி வரைக்கும் மடத்து அறையிலேயே வாழ்ந்தவர் அவர். ஆனால் அந்த விளக்கமும் என்னை முழுசாகத் தேற்றவில்லை. உலகம் முழுக்கப் பார்க்கிற ஒரு நடிகருக்கு அந்தப் பட்டம் போனால் அதை யார் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று யோசித்திருக்க வேண்டாமா? 1993-லேயே நிங்மா மரபு முழுவதுக்கும் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் இருக்கிறவரின் ஒரு சொல் தனிமனிதரின் சொல்லாக நிற்காது. அவர்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் இந்த விஷயத்தில் உடன்பட முடியவில்லை.

டிசம்பர் 10

"நம் கொங்கில் புத்தருக்கு என்ன வேலை" என்று கேட்ட தம்பிக்கு: சேலம் பெரியேரி தலைவெட்டி முனியப்பன் கோயிலைப் பற்றித் தேடிப் படியுங்கள். முனியப்பன் என்று கும்பிட்டுவந்த அந்தச் சிலை புத்தர் சிலைதான் என்று தொல்லியல் துறை அறிக்கை கொடுத்து, 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரிலும் புத்தர் உட்கார்ந்திருக்கிறார், இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். விஜயமங்கலம் சமணக் கோயிலும் அரச்சலூர்க் கல்வெட்டும் தனி. இதைப் பற்றித் தனி இழை தொடங்கினால் வருகிறேன். இங்கே வேண்டாம், பேச்சு எங்கேயோ போய்விடும்.

டிசம்பர் 16

முதல் கேள்விக்கு, அதாவது தங்கத்துக்கு, திரும்பி வருகிறேன். சமையல்கூடம், பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் சொல்லிவிட்டுச் சிலையை மட்டும் தொடாமல் நழுவுகிறேன் என்று கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருக்கிறார். நியாயம்தான்.

அக்கா இந்த வருஷமும் கடை போட்டிருக்கிறார். வயதாகிவிட்டது, முழங்கால் வலி, ஆனாலும் வந்திருக்கிறார். அவரிடமே கேட்டுவிட்டேன், இப்படி ஒருவர் கேட்கிறார் என்று. கோபப்படவில்லை. ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே சொன்னார்: "எங்க அப்பாரு ஊர்ல இருந்த கோயிலை இடிச்சுப்போட்டாங்க தம்பி. அவரு சாகற வரைக்கும் கண்ணை மூடிட்டு, இப்படி இருந்துச்சு, இவ்வளவு உசரம்னு கையைத் தூக்கிக் காட்டுவாரு. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சிரிப்போம். அந்தக் கோயில் தொறந்தன்னைக்கு நான் உள்ள போயி நின்னேன். அப்பாரு கையைத் தூக்கினது அப்பத்தான் வெளங்குச்சு."

இதைக் கேட்ட பிறகு என்னால் அந்தச் சிலையைச் செலவுக் கணக்கில் மட்டும் எழுத முடியவில்லை. நடுவில் புத்தர், ஒரு பக்கம் திபெத்துக்குப் பௌத்தத்தைக் கொண்டுபோன குரு பத்மசம்பவர், இன்னொரு பக்கம் நீண்ட ஆயுள் தருகிற புத்தர் என்று அவர்கள் கும்பிடுகிற அமிதாயுஸ். மூன்று சிலைகளுக்குள்ளும் ஏடுகளும் புனிதப் பொருள்களும் வைத்து மூடியிருக்கிறார்கள். நமக்கு அது சுற்றுலாத் தலம். அவர்களுக்கு, இடித்துத் தள்ளிய ஒன்றைக் கண்ணெதிரே திரும்ப நிறுத்திய இடம்.

அப்படியும் ஒன்று சொல்வேன். மூங்கில் குடிசையிலிருந்து நேராகத் தங்கத்துக்குப் போயிருந்தால் நானும் உங்கள் பக்கம் நின்று இதே கேள்வியைக் கேட்டிருப்பேன். பந்தி போட்ட பிறகு, பள்ளிக்கூடம் வந்த பிறகு, பெண்களுக்கும் படிப்பு வந்த பிறகு சிலை வைத்தார். அந்த வரிசைக்காகத்தான் அவரை மதிக்கிறேன். நம் ஊரில் முதலில் கோபுரத்துக்கு வசூல் செய்துவிட்டு, அன்னதானக் கூடத்துக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிற கமிட்டிகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கூடம் வந்ததே இல்லை.

டிசம்பர் 21

பெனோர் ரின்போச்சே 2009 மார்ச் 27 அன்று பைலகுப்பேயிலேயே காலமானார். பல்யுல் மரபின் 12-வது பீடாதிபதியாகக் கர்மா குசென் ரின்போச்சே பொறுப்பில் இருக்கிறார். மடாதிபதி போனதும் படுத்துவிடுகிற நிறுவனங்களை நம் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறோம். ஒருவர் பேச்சுக்காகக் கூடிய கூட்டம் அவர் பேச்சு நின்றதும் கலையும். நம்ட்ரோலிங்கில் பள்ளிக்கூடம் நடக்கிறது, ஒன்பது வருஷப் படிப்பு நடக்கிறது, பந்தி நடக்கிறது. பாடம் சொல்கிறவர்களை முப்பது வருஷம் முன்பே உருவாக்க ஆரம்பித்ததால்தான் இது முடிந்தது. மேலே "தனிமனித வழிபாடு" என்று எழுதிய நண்பருக்கு இதைச் சொல்ல நினைத்தேன். படத்துக்கு மாலை போடுகிறார்கள், உண்மைதான். ஆனால் அடுத்த நாள் வகுப்புக்கு மணி அடிக்கிறது.

ஜனவரி 4

திருப்பூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் பிள்ளைகளை அழைத்துப் போக வழி கேட்டிருந்தார். சத்தி, திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு, மைசூர், ஹுன்சூர், பிரியாபட்டணம், பைலகுப்பே. திம்பத்தில் ராத்திரி வண்டி விடமாட்டார்கள், விடியற்காலையில் மலையேறுகிற மாதிரிக் கிளம்புங்கள். வெளிநாட்டுக்காரர்கள் அங்கே இரவு தங்க மத்திய அரசின் அனுமதி வேண்டும், நமக்குத் தேவையில்லை.

பிள்ளைகளைச் சிலையோடு திருப்பிவிடாதீர்கள். முன்கூட்டியே மடத்து அலுவலகத்தில் கேட்டு, வாதம் நடக்கிற முற்றத்தை ஓரமாக நின்று பார்க்க அனுமதி வாங்குங்கள். பூசை நேரத்தில் செல்போனை நீட்டிக்கொண்டு குட்டிப் பிக்குகளின் முகத்தைப் படம் எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் லோசர் என்கிற திபெத்தியப் புத்தாண்டு வரும். அப்போது போனால் முகமூடி நடனமும் உயரமான துணி ஓவியமும் பார்க்கலாம், ஆனால் கூட்டம் தாங்காது, பிள்ளைகளோடு சிரமம்.

நேரம் இருந்தால் திரும்பும்போது கொள்ளேகால் வழியாக உடையார்பாளையம் வந்து, கேர்மாளம், ஆசனூர் என்று இறங்குங்கள். ரோடு குறுகல், பெரிய பஸ் என்றால் டிரைவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊரில் இப்போது வீடுகள் பாதி பூட்டிக் கிடக்கும். ஆட்கள் எல்லாம் நம் ஊர் ரோட்டில் ஸ்வெட்டர் விற்றுக்கொண்டிருப்பார்கள். பிப்ரவரி கடைசியில் போனால் இருப்பார்கள்.